டேக்கல் தாண்டினால்

அறுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய்க்கு
ஒரு படகு விற்றோம்.
தோம்லூரில், மெத்தைக்கடை மாடியில்,
ஐந்து பேர், மூன்று வருடம்.
துடுப்பு நுனியில் சொட்டும் நீருக்கு மட்டும்
ஜிபின் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டான்.

வெளிவந்த நான்காம் வாரம்
எபனேசர் என்பவர் எழுதினார்:
"மாரிக்குப்பத்தில் ஏறி உட்கார்ந்தால்
பெங்களூர் வர ரெண்டு மணி நேரம்.
அந்த ரெண்டு மணி நேரத்துக்காகத்தான் வாங்கினேன்.
நெட் தேவையில்லை என்று
நீங்கதான் பெரிய எழுத்தில் போட்டிருந்தீங்க.
போன வாரத்து அப்டேட்டுக்குப் பிறகு
டேக்கல் தாண்டினால் சிக்னல் இல்லை,
படகும் இல்லை.
நீங்க யாராவது
இதை ஆடிப் பார்த்தீங்களா?"

இன்னும் முந்நூறு பேர் இதையே,
இதைவிட மோசமான வார்த்தையில்.
ஒருவர் எங்கள் ஐந்து பேரின் தாய்மாரையும்
விசாரித்திருந்தார்.
ஜிபின் ஒன்றுவிடாமல் படித்தான்,
சொட்டும் நீரைப் பற்றி யாராவது
ஒரு சொல் எழுதியிருக்கிறார்களா என்று.
படகே வராதவர்கள்
துடுப்பைப் பற்றி என்ன எழுதுவார்கள்?

கைக்கு முதலில் வந்தது கோபம்தான்.
"சிறிய குழு நாங்கள்" என்று அடித்தேன்.
சிறிய குழு என்று விலையில் போட்டோமா?
அழித்தேன்.
"உங்கள் அன்புக்கு நன்றி" என்று அடுத்தது.
அவர் எங்கே அன்பு காட்டினார்,
ரசீது அல்லவா காட்டினார்.
அழித்தேன்.
"உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது..."
இது பேங்க்காரர்கள் பேசுவது
என்றாள் யசஸ்வினி, தலை நிமிராமல்.

மறுநாள் சாயங்காலம் கன்டோன்மென்ட்டில்
மாரிக்குப்பம் வண்டி ஏறினேன்.
ஒயிட்ஃபீல்டு வரை நின்றபடி,
யாருடைய டிபன் கேரியரோ என் விலாவில்.
படகு மிதந்தது. மழை பிடித்தது.
மாலூர் போனது.
டேக்கலுக்குச் சற்று முன்னால்,
தூரத்தில் மணிக்கூண்டு தெரியத் தொடங்கும் இடத்தில்,
திரையில் ஒரு சின்ன வட்டம் சுழன்றது.
சுழன்றது.
பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்து
"போச்சா?" என்றார்,
தினமும் பார்ப்பவர் போல.

அந்த வட்டம் எதற்கென்று எனக்குத் தெரியும்.
முதல் போட்டவரிடம் காட்ட
எத்தனை பேர், எந்த ஊர், எத்தனை நிமிடம் என்று
கணக்கு வேண்டியிருந்தது.
எண்ணுவதற்காகப் படகை நிறுத்தினோம்.
நான் அழித்த பதில் எதிலும்
இந்த ஒரு வரி இல்லை.

பங்காருப்பேட்டையில் இறங்கி
எதிர்வண்டிக்குக் காத்திருந்த பெஞ்சில் அடித்தேன்:

"எபனேசர்,
ஆடிப் பார்த்தோம், ஆபீஸில். ரயிலில் இல்லை.
இன்று பார்த்தேன். நீங்கள் சொன்ன இடத்தில் நின்றது.
உங்களை எண்ணுவதற்காக அதைச் சேர்த்தோம்.
சொல்லாமல் சேர்த்தோம்.
வெள்ளிக்கிழமை எடுத்துவிடுவோம்.
ஆறாம் துறை வரை நீங்கள் வந்தது அழிந்துவிட்டது.
அதை மீட்க எங்களுக்கு வழி தெரியவில்லை.
பணம் திரும்ப வேண்டுமென்றால் கேளுங்கள்,
காரணம் எழுத வேண்டாம்."

தாய்மாரை விசாரித்தவருக்கும்
இதையேதான் அனுப்பினேன்,
அந்தப் பத்தியைத் தொடாமல்.
படகு எங்கே நின்றது என்று
அவரும் சரியாகவே சொல்லியிருந்தார்.

வெள்ளி, ஞாயிறு ஆனது.
அதை வெள்ளி இரவே எழுதிவிட்டோம்.
முதல் போட்டவர்
"கணக்கில்லாமல் எதை வைத்துப் பேசுவது" என்றார்.
அதற்கு இன்றுவரை எங்களிடம் பதிலில்லை.
பணம் கேட்டவர்கள் நூற்றுப் பதினேழு பேர்.
எபனேசர் கேட்கவில்லை,
எழுதவும் இல்லை.

காலையில் அந்த வண்டி
டேக்கல் தாண்டும் நேரத்துக்கு
யசஸ்வினி சில நாள் கடிகாரம் பார்க்கிறாள்.
அவர் துடுப்புப் போடுகிறாரா,
ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறாரா,
எங்களை அழித்துவிட்டு
வேறு எதையாவது வாங்கிவிட்டாரா என்று
அறிந்துகொள்ள எங்களுக்கு இப்போது
வழியே கிடையாது.
அப்படித்தான்
சரிசெய்திருக்கிறோம்.