கியூட்டெக்ஸ் காய எடுக்கும் நேரம்

மத்தியானத்தில் அது நல்ல பிள்ளை.
டச்சு பே வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாலும்
திறப்பைத் தொட்டவுடன் எழும்பும்.
கடல் இரைந்த இரவுக்குப் பிறகு, விடியப்புறம்,
ஸ்ரார்ட்டர் சுற்றும், சுற்றும்,
இருமும்.
நானும் இருமுவேன்.

மூன்றாம் கட்டையில் அஸ்மீரிடம் கொண்டுபோனேன்.
பத்து மணி, காய்ந்த வெயில்.
ஒரே சுற்றில் பற்றிக்கொண்டது.
"இதில என்ன பிழை?" என்றான்.
என்னத்தைச் சொல்ல.
சாட்சியைக் கண்டால் வாய் மூடுகிற பிழை.

பெற்றோல் பம் மாற்றினேன், எண்ணாயிரம்.
காபரேட்டரைக் கழற்றிக் கழுவினேன்.
பிளக் நாலும் புதிது.
பத்திரகாளி கோயிலடியில்
நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம் நசித்தேன்.
அடுத்தநாள் உவர்மலை ஏற்றத்தில்,
பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க,
பின்னுக்கு உருண்டேன்.

கார்த்திகை மழை. கிண்ணியாப் பாலம். இரவு எட்டேகால்.
பின்சீற்றில் சுபோதினி, துறைமுகக் கந்தோர்க்காரி.
விடிந்தால் தம்பிக்குப் பதிவுத் திருமணம்.
பாலத்தில் குலுக்கம் இல்லையென்று
உள்விளக்கைப் போடச்சொல்லி
நகத்துக்குச் சிவப்புப் பூசிக்கொண்டு வந்தாள்.
இடக்கை முடிந்து வலக்கை தொடங்கியிருந்தது.
முதலில் ஒரு வெட்டு.
பிறகு இரண்டு.
பிறகு வெறும் மழைச்சத்தம்.

முன்பென்றால் நடுவழியில் நின்ற வாகனத்திடம்
யாராவது வந்து பெயர் கேட்பார்கள்.
இப்போது ஒரு லொறி கோர்ன் அடித்து விலகிப் போனது,
அவ்வளவுதான்.
என்றாலும் என் கை, என்னைக் கேளாமல்,
சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தடவியது.

மழை தூறலானதும் பொனற்றைத் திறந்தேன்.
பெற்றோல் மணம் மூக்கைக் குத்தியது.
எண்ணெய் இருக்கிறது, காற்று இருக்கிறது,
இல்லாதது நெருப்பு.
கொயில் வயரைப் பிடுங்கி எஞ்சின் உடம்பருகே பிடித்து
"திறப்பைத் திருப்புங்கோ தங்கச்சி" என்றேன்.
சடக். கொழுத்த நீலம்.
அப்படியென்றால் நெருப்புப் பிறக்கிறது,
போய்ச் சேரவில்லை.
வயரைத் திரும்பச் செருகினேன்.
பிளக் வாயில் பார்த்தால் ஒன்றுமில்லை.
இடையில் எங்கோ.

டோர்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு குனிந்தேன்.
வயர் வயராக, முனை முனையாக.
அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள்.
டோர்ச் நழுவி உள்ளுக்கு விழுந்து அணைந்தது.
"நிப்பாட்டவா?"
"வேண்டாம்! சுத்துங்கோ, சுத்துங்கோ!"

இருட்டில் அது நடந்துகொண்டிருந்தது.
டிஸ்ரிபியூட்டர் மூடியில்
இரண்டு வாய்களுக்கு நடுவே
வழி தெரிந்த எறும்பைப்போல ஒரு நீலம்.
மயிரளவு கீறல். அதற்குள் உப்பு, அதன்மேல் ஈரம்.
பத்தாயிரம் வோல்ட்டுக்கு அது பெருந்தெரு.
இத்தனை மாதமும் நான்
பகலில் தேடினேன், வெளிச்சம் பிடித்துத் தேடினேன்.

மூடியைக் கழற்றி சாரத்து நுனியால் துடைத்தேன்.
அவளுடைய நக அரத்தால் கீறலைச் சுரண்டினேன்.
"பூசட்டா?" என்று கேட்டாள்,
நான் கேட்பதற்குள்.
உள்ளே ஒரு பூச்சு, வெளியே ஒன்று,
பிறகு நம்பிக்கையில்லாமல் இன்னொன்று.

"காய எவ்வளவு நேரம்?"
"கையெண்டா பத்து நிமிஷம்.
இதுக்குத் தெரியாது."
விரலுக்கு ஊதுவதுபோல மூடிக்கு ஊதினாள்.
தம்பலகாமப் பக்கம் இரண்டு தோணி விளக்கு.
கடலின் மணத்தை கியூட்டெக்ஸ் அடித்துவிட்டது.
நாங்கள் ஒன்றும் பேசவில்லை.
கார் நின்ற இடத்தில் பேசுவதெல்லாம்
குற்றம் சொல்வதாகப் போய்விடும்.

முதல் சுற்றில் பற்றவில்லை.
இரண்டாவதில் உதறி, மூன்றாவதில்
மத்தியானம்போல எழும்பியது.

புதிய மூடி வாங்கி ஒரு வருடமாகிறது,
இன்னும் டாஷ்போட்டில் பெட்டியோடு கிடக்கிறது.
ஓடுவது சிவப்புக்கோடு போட்டதுதான்.
அஸ்மீர் பார்த்தான், கேட்கவில்லை.

அன்றிரவு லிங்கநகரில் அவளை இறக்கினேன்.
கூலியை எண்ணி நீட்டிய வலக்கையில்
இரண்டு விரல் சிவப்பு, மூன்று வெறுமை.
குப்பியை உலுக்கிக் காட்டினாள்.
முடிந்திருந்தது.