புள்ளி ஐந்தில் ஒரு மேடு

ஷெட்ல்ட்சே நகரில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
அடித்தளத்தில் பம்புகள் உறும
போக்னாவின் தேநீரில் சின்னச் சின்ன வட்டங்கள்.

உலோகக் கலத்துக்குள் ஏறக்குறைய ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததற்குள்
மயிரிழைத் துளை வழியே கசிகிறது சிரிப்பு வாயு:
நைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன்,
ஒரே கோட்டில் மூன்று பேர்.

எதிரே எலெக்ட்ரான்கள்.
வேகமாக வந்தால் முட்டிவிட்டுப் போய்விடும்.
இவை தயங்கி வருபவை.
இரண்டு புள்ளி மூன்று எலெக்ட்ரான் வோல்ட்டில்
ஒன்று உள்ளே வந்து
இடமில்லாத வீட்டில் ஒண்டிக்கொள்கிறது.
அவ்வளவுதான்.
ஒரு ஆள் கூடியதில்
ஓரத்து ஆக்சிஜனின் பிடி நழுவுகிறது,
வந்தவரையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறது.
மிஞ்சிய நைட்ரஜன் இரண்டும்
ஒன்றையொன்று இறுகப் பற்றியபடி
எந்தக் கருவியும் பார்க்காத பக்கம் போகின்றன.

திரையில் அதற்கு ஒரு மேடு. பழகிய மேடு.
இன்று அதன் இடப்பக்கம்,
புள்ளி ஐந்தில்,
இன்னொன்று.

அழுக்கு என்றாள்.
அழுக்குப் போக இரவெல்லாம் கலத்தைச் சுட்டாள்.
காலையில், ஆறுவதற்குள் அளந்தாள்:
மேடு வளர்ந்திருந்தது.
மறுபடி சுட்டாள். மறுபடி வளர்ந்தது.
வியாழக்கிழமை ஓல்கியர்ட் வந்து
குழாயைத் தொட்டான், கையை உதறினான்.
"சூட்டை யார் அணைக்காமல் விட்டது?"

சூட்டில் மூலக்கூறு நேராக நிற்பதில்லை.
நடுவில் ஒடிந்து ஒடிந்து ஆடும்.
நிமிர்ந்து நின்றபோது மறுத்த எலெக்ட்ரானை,
அத்தனை மெதுவாக வந்ததை,
வளைந்த கணத்தில் ஏற்றுக்கொள்ளும்.
வளைந்து கொடுத்தால் பிழைக்கலாம் என்பார்கள்.
இங்கே வளைந்ததுதான் உடைகிறது.

போன மார்ச்சில், பிரசவ அறையில்,
இதே வாயுவை முகமூடி வழியே இழுத்தாள்.
பதினோரு மணி நேரம். சிரிப்பு வரவே இல்லை.
பற்களில் ரப்பர் வாசனை,
வில்லாக வளைந்த முதுகு,
"பிடிச்சு வைக்காதே, விடு" என்று யாரோ.
பிறகு ஒரு கனம்
அவளிடமிருந்து தனியே போனது,
கத்திக்கொண்டு,
அவளுடைய எதையோ எடுத்துக்கொண்டு.
எதை என்று இன்னும் அளக்கவில்லை.

ஓல்கியர்ட் சுவிட்சுக்குக் கை நீட்டுகிறான்.
"இரு. இன்னும் இருபது டிகிரி ஏற்று."

ஐந்தரைக்குக் காப்பகம் மூடிவிடும்.
கடைசிக் குழந்தையாகக் குல்லாய் மாட்டி
ஜன்னலோரம் உட்கார வைத்திருப்பார்கள்.
மணி ஐந்து பத்து.
மேட்டின் உச்சி இன்னும் வரவில்லை.