ஆளுக்குப் பதினொன்று

கொழும்பிலிருந்து சுற்றுநிருபம்:
ஓர் உத்தியோகத்தருக்கு எத்தனை சதுர அடி
என்று அளந்து அனுப்புக.
வெள்ளிக்கிழமைக்கு முன்.

எங்களிடம் அளவு நாடா இல்லை.
காணிக் கிளையில் இருந்தது, முதல் மூன்று அடி அறுந்துபோய்.
'வாற கணக்கில மூண்டைக் கழிச்சுக்கொள்ளுங்கோ' என்று
கேதாரநாதனிடம் சொல்லித் தந்தார்கள்.

மாடியில் முப்பத்தெட்டுப் பேர்.
கதிரை இருபத்தாறு.
பட்டதாரி நியமனத்தில் வந்த நாங்கள்
ஏழு வருடமாக முறை வைத்து உட்காருகிறோம்.
யாராவது களவேலைக்குப் போனால்
மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகும் முன்பே
அந்தக் கதிரைக்கு ஆள் உண்டு.
றிஸ்மியா தன் மேசையின் இடது லாச்சியை
எனக்கு விட்டுத் தந்திருக்கிறாள்.
திருகோணமலையில் அரசாங்கத்தின் பேரால்
எனக்குக் கிடைத்த இடம் அதுதான்:
ஒரு பேனை, ஒரு கரண்டி, பனடோல் அட்டை.

சுவரிலிருந்து சுவருக்கு அளந்தபோது
நாங்கள் வசதியாகத்தான் இருந்தோம்.
பிறகு அலுமாரிகளைக் கழித்தோம்.
தொண்ணூறில் இடம்பெயர்ந்தவர்களின் கோப்புகளை,
சுனாமிக் கோப்புகளை,
அவற்றின்மேல் ஈரத்தோடு வைத்து
ஒட்டிப்போன வெள்ள நிவாரணங்களை,
ஏலம் விடும்வரை அசைக்கக் கூடாத
போட்டோ கொப்பி இயந்திரத்தைக் கழித்தோம்.
மிச்சத்தைக் கேதாரநாதன் முப்பத்தெட்டால் வகுத்தார்.
பதினொன்று.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வகுத்தார்.
பதினொன்றேதான்.

'ஒரு பாய்க்கே பதினெட்டு வேணும்' என்றாள் றிஸ்மியா.
'கந்தோரில நித்திரை கொள்ளுறம் எண்டு
இனி ஒருத்தரும் சொல்லேலாது.'

ஜன்னலுக்கு வெளியே உட்துறைமுகம்,
ஒரு கப்பலும் இல்லாமல், மத்தியான வெளிச்சத்தில்.
அதில் கடற்படைக்கு ஆளுக்கு எத்தனை என்று
எந்தச் சுற்றுநிருபமும் கேட்டதில்லை.

ஸ்கூட்டிக்குத் தவணை கட்ட
வீதிக்கு எதிர்ப்பக்கம் லீசிங் கம்பனிக்குப் போனேன்.
கதவு தானாகத் திறந்தது. குளிர்.
எங்கள் மாடியைக் கழற்றி அந்த வெள்ளைத் தரையில் வைத்தாலும்
கோட்டையடி மான்கள் நாலு வந்து படுக்க இடம் மிஞ்சும்.
மூலையில் மீன்தொட்டி.
கண் தன்பாட்டில் அளந்தது: நாலுக்கு இரண்டு. ஐந்து மீன்.
மீன் ஒன்றுக்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே.
அந்த உடம்புக்கு அது தாராளம்.

டிலுக்சனா என்று சட்டையில் பெயர் குத்திய பிள்ளை
நின்றபடியே ரசீது அடித்தாள்.
பின்னால் சுழல்கதிரை, பொலித்தீன் உறைகூடக் கழற்றாமல்.
'இருந்து அடிக்கலாமே தங்கச்சி?'
'கஸ்டமர் உள்ளுக்கு நிக்கேக்க
நாங்க இருக்கக் கூடாது அக்கா. மேல கமரா.'
இந்த மாதம் இன்னும் பதினாலு வாகனம் கொடுக்க வேண்டுமாம்.
மிச்சக் காசோடு குரலையும் தாழ்த்தினாள்:
'உங்கட கந்தோரில வேக்கன்சி ஏதும் வருமா?'

பதினொன்றை நான் சொல்லவில்லை.
அவள் கேட்டது பென்சனைப் பற்றி. அதைச் சொன்னேன்.

திரும்பி வந்தால் என் முறைக் கதிரையில்
ஈச்சிலம்பற்றிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒருத்தி.
மடியில் ஷொப்பிங் பையில் சுற்றிய
காணி அனுமதிப்பத்திரம், அரைவாசி.
மற்ற அரைவாசி எங்களிடம் இருக்க வேண்டும்,
காலையில் நாங்கள் கழித்துவிட்டவற்றுக்குள் எங்கேயோ.
எழும்பப் பார்த்தாள். 'இருங்கோ' என்றேன்.
நாலேகால்வரை தேடினோம். தும்மல்தான் வந்தது.
'திங்கட்கிழமை வாங்கோ.'
அவள் தலையாட்டிய விதத்தில்
நிறையத் திங்கட்கிழமைகள் இருந்தன.

வெள்ளியன்று படிவம் மேலேயிருந்து திரும்பி வந்தது:
அளவு குறைவு. மாடிப்படியையும் விறாந்தையையும் சேர்க்கவும்.

சேர்த்தோம்.
நான் மேலே நாடாவைப் பிடிக்க
கேதாரநாதன் ஒவ்வொரு படியாக இறங்கினார்.
ஒவ்வொரு படியிலும் குந்தியிருந்தவர்கள்
கோப்பை நெஞ்சோடு அணைத்து, காலை மடக்கி,
நாடாவுக்கு வழி விட்டார்கள்.

பத்தொன்பது வந்தது. கையொப்பம் வைத்து அனுப்பிவிட்டோம்.
மூன்றைக் கழிக்கவில்லை என்பது
தேநீர் குடிக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.