தோள் நோ

பாசையூர் மண்டபத்தில் மூன்று நாள்
இங்க்ரிட்டின் வாய்க்கு நான் தமிழ்.
முதல் வசனமே இடறியது:
உன்னைத் தொடலாமா என்று கேட்கிறாள்.
அதை நான் எவரிடமும் கேட்டுப் பழகவில்லை.
என்னிடமும் எவரும் கேட்டதில்லை.
முகமாலையில் கையுறை போட்ட பெண்
கேட்காமலேதான் என் கூந்தலை அவிழ்த்துப் பார்த்தாள்.
"தொடட்டோ?" என்றேன் கடைசியில்.
நாலைந்து பேர் சிரித்தார்கள்.
எமில்டா சிரிக்கவில்லை.

சோடி சோடியாக நில்லுங்கோ,
மற்றவரின் தோளில் கை வையுங்கோ,
மூச்சு எங்கே நிற்குது என்று பாருங்கோ.
எமில்டாவுக்கு எதிரே நின்ற கொக்குவில் ரீச்சர்
கைகளைச் சேலைத்தலைப்புக்குள் எடுத்துக்கொண்டு
"எனக்குத் தோள் நோ" என்றா.
தோள் நோ என்றே மொழிபெயர்த்தேன்.
ஒரு பிழையுமில்லை.
தொடு, தொடக்கம், துடக்கு
என்று விளங்கப்படுத்த
எனக்கு இங்கிலீசு காணாமல் போகவில்லை.
இங்க்ரிட் இரங்கி, ரீச்சருக்கு ஒரு கதிரை கொண்டுவந்தாள்.
எமில்டா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்,
பிறகு அதைச் சுவரில் வைத்தாள்.

(ரீச்சர் என்றா. எமில்டா பார்த்தாள்.
இதையும் நான்தான் சொல்கிறேன்.)

இரண்டாம் நாள் கத்தும் பயிற்சி.
அடைபட்ட குரல் அடிவயிற்றில் இருக்காம்.
சன்னல்களைச் சாத்தினோம்.
அப்படியும் பக்கத்து வளவு நாய் பதில் சொன்னது.
எமில்டாவின் முறை.
"என்ர குரல் அடைபடேல்லைப் பிள்ளை,
சொல்லு அவவுக்கு.
அவற்ற பேரோட பதினாலு கந்தோரில குடுத்திருக்கிறன்.
எல்லாத்துக்கும் துண்டிருக்கு."
கைப்பையைத் திறந்து காட்டினாள்,
மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்தவை.
இங்க்ரிட் என் முகத்தைப் பார்த்தாள்.
வயிற்றில் இல்லை, கந்தோரில், என்றேன்.

வெள்ளிக்கிழமை அளிக்கை.
முன்வரிசையில் காசு தந்தவர்கள்.
கத்த வேண்டிய இடத்தில்
எமில்டா துண்டுகளின் இலக்கங்களை வாசித்தா,
திகதியோடு, மெல்ல,
மூன்றாம் வரிசைக்கே எட்டாத குரலில்.
மைக்கோடு ஓடிவந்த பெடியனைக் கையால் மறித்தா.
சனம் கதிரைகளை முன்னுக்கு இழுத்தது.
ரீச்சரும் இழுத்தா.
எவ்வளவு தூரம் என்று நான் அளக்கவில்லை.

பக்கத்தில் நின்று ஒவ்வோர் இலக்கமாக
இங்கிலீசில் சொல்லிக்கொண்டு வந்தேன்.
பத்தாவதில் தொண்டை கம்மிப்போனது.
எமில்டா வாசிப்பை நிறுத்தி
என் பக்கம் திரும்பி
"தொடட்டோ?" என்றா.

இங்க்ரிட் என்னவென்று கையால் கேட்டாள்.
நான் அதை மொழிபெயர்க்கவில்லை.