இருப்பில் ஒன்று கூடுதல்

சிலைமான் தாண்டி,
அரிசி ஆலையாய் இருந்த கட்டடத்தில்
வாடகைக்கு இருக்கின்றன
நாலாயிரத்துச் சொச்சம் ஓடுகள்.
தவிட்டு வாசம் இன்னும் போகவில்லை.
அந்த வாசத்துக்கு எலி வருகிறது.
எலி பானையைத் தின்பதில்லை.
மைதாப் பசை தடவி ஒட்டிய
சீட்டைத் தின்கிறது.

சீட்டுப் போன ஓடு வெறும் ஓடு.
எந்தக் குழி, எந்த அடுக்கு, எத்தனை அடி ஆழம்,
எதுவும் சொல்லத் தெரியாமல்
மாட்டுத்தாவணியில் தொலைந்த பிள்ளை மாதிரி
தட்டில் உட்கார்ந்திருக்கும்.
இதுவரை பதினேழு.
தனித் தட்டு கொடுத்து
‘ஊர் தெரியாதவை’ என்று எழுதி ஒட்டினேன்,
என் காசில் வாங்கிய ஃபெவிகாலில்.

நான் நிரந்தரம் இல்லை.
பதினொரு மாத ஒப்பந்தம், ஒரு நாள் இடைவெளி,
மறுபடி பதினொரு மாதம்.
அந்த ஒரு நாளில்
சாவி மொக்கைச்சாமியிடம் இருக்கும்.
வருகைப் பதிவேட்டில் எனக்குப் பெயர் கிடையாது,
‘வெளிமுகமை – 2’.
மொக்கைச்சாமி 1.

ஈரம் உறிஞ்சும் இயந்திரம்
போன ஐப்பசியில் நின்றது.
மூன்று விலைப்புள்ளி கேட்டார்கள்.
இரண்டுதான் கிடைத்தது.
அதுவரைக்கும்
துணியில் சிலிக்கா மணி முடிந்து
பெட்டிக்கு ஒன்று வைத்தேன்.
நீலமென்றால் தாகத்தோடு இருக்கிறது,
ரோஸ் ஆனால் குடித்துவிட்டது.
குடித்ததை வறுத்து
மறுபடி நீலமாக்க வேண்டும்.
செலவுச் சீட்டில் வாணலி என்று எழுத முடியுமா?
‘உலர்த்தும் கலம், எண்ணிக்கை ஒன்று.’

பங்குனியில் இருப்புச் சரிபார்ப்பு.
தணிக்கைக்கு வந்தவர் எபநேசர்.
நான் சொல்வதற்கு முன்பே
கையுறை போட்டுக்கொண்டார்,
மரியாதை வந்தது.
அவர் எண்ணை வாசிப்பார், நான் எடுத்துக் காட்டுவேன்,
பச்சை மையில் ஒரு டிக்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினொன்று:
கறுப்பு சிவப்பு ஓடு. கீறல் எழுத்து மூன்று,
நாலாவது பாதி.
பெயர்தான் அது.
யார் பெயர் என்பதில்
இரண்டு பேராசிரியர்கள் பேசிக்கொள்வதில்லை.

எடுத்தேன்.
தட்டின் விளிம்பு பட்டதா,
உள்ளே முன்பே விரிசல் ஓடியிருந்ததா,
டிக் என்றது.
அவர் பேனா இல்லை.

கையில் இரண்டு.

வெளியே ராமநாதபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.
எபநேசர் பேரேட்டைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
பேரேட்டையே திரும்பப் பார்த்தார்.
குறைந்தால் விளக்கம் கேட்கப் படிவம் இருக்கிறது.
கூடினால் இல்லை.
‘இருப்பு நாலாயிரத்து அறுநூற்று இரண்டு.
இப்போது மூன்று’ என்றார்.
அவர் சிரிக்கவில்லை.
நான் சிரித்துத் தொலைத்தேன்.
அதற்கப்புறம் கொஞ்ச நேரம்
என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை.

புது உடைப்பின் உள்ளே கரிநிறம்.
நடுவில் ஒரு குழி,
நெல்லுமி அளவு, நெல்லுமி வடிவம்.
மண் பிசைந்தபோது விழுந்து
சூளையில் எரிந்துபோன உமியின் இடம்.
பிசைந்தவர்கூடப் பார்த்திருக்க மாட்டார்.
எபநேசரிடம் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றி, கிட்டக் கொண்டுவந்து,
‘அட’ என்றார்.
அதற்கும் பேரேட்டில் கட்டம் இல்லை.

பதினொன்று அ, பதினொன்று ஆ.
சேதத்துக்குப் பொறுப்பு என்ற கட்டத்தில்
எண் போட்டால் செல்லாதாம்,
பெயர் வேண்டுமாம்.
சோ. விருமாயி என்று எழுதினேன்.
எழுத்து ஐந்தும் முழுசாக,
புள்ளி உட்பட.

ஒட்டுவதற்குப் பசை
சென்னையிலிருந்து வர வேண்டும்.
எலிக்குப் பிடிக்காத பசை.
எனக்கப்புறம் வருகிற யாரோ
நான் ஒட்டியது கோணல் என்று நினைத்தால்
சேதமில்லாமல் பிரித்துக்கொள்ளலாம்.
அதுவரை மணல் தட்டில்
இரண்டையும் நிற்க வைத்திருக்கிறேன்,
தொடாமல், பக்கத்தில்.
இந்தத் தடவை சீட்டை
நூலில் கட்டினேன்.

நாளை என் இடைவெளி நாள்.
மொக்கைச்சாமியிடம்
இரண்டு தடவை சொல்லியாயிற்று.