மூடி போட்டு முப்பது படம்

ரெலாவ் அடுக்குமாடியின் மொட்டைமாடிச் சாவி
மாதத்துக்கு இருபது ரிங்கிட்.
ரசீதில் காரணம்: துணி காயவைக்க.

துணி இல்லை. முக்காலி, எண்பது மில்லிமீட்டர் குழாய்,
பனி படியாமலிருக்க லென்ஸின் கழுத்தில் சூட்டுப் பட்டி,
கொசுவத்தி இரண்டு.

கும்ப ராசிக்கு இந்த வருஷம் சரியில்லையாம்.
எள் தீபம் போடச் சொல்லி
சின்னம்மா மூன்று தடவை போன் செய்துவிட்டார்.
நானோ இரவெல்லாம் கும்பத்துக்குள்தான்
குழாயை நீட்டிக்கொண்டிருக்கிறேன்.
சனியும் சற்றுத் தள்ளி நின்றது, வளையத்தோடு.
என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சாகும்போது ஒரு நட்சத்திரம் ஊதிவிட்ட மூச்சு.
அதைக் கோளோடு சேர்த்துப் பெயரிட்டவர்களுக்கு
அன்றைக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது.
என் அடையாளக் கார்டிலும்
யாழரசி, ஜாலராசி ஆகித்தான் கிடக்கிறாள்.
கூப்பிட்டால் திரும்புகிறேன்.

பாயான் லெப்பாஸில் இறங்கும் கடைசி விமானம்
ஒரு படத்தைக் குறுக்கே கிழித்துப் போனது.
பர்கர் கடை விளக்கு அணைய மணி ஒன்று.
இந்த வெளிச்சத்தில் எனக்குத் தேறுவது
ஹைட்ரஜனின் சிவப்பு மட்டும்.
ஆக்சிஜனின் பச்சை கலந்த நீலத்தை
மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் பூலாவ்
டுரியான் தோட்டத்திலிருந்து
கோக் லியோங் எடுத்து அனுப்புவான்.
அவன் வானம் என் வானத்தைவிட
நாலு பாகை சாய்ந்திருக்கும்.

காவலர் தேக் பகதூர் மேலே வந்து
திரையைப் பார்த்தார்.
"ஒன்றுமில்லையே."
ஒன்றுமில்லைதான்.
ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ஒன்றுமில்லை.
நூறு சேரட்டும் என்றேன்.

நாலாம் இரவு, இரண்டு வானத்தையும் பொருத்திக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"அணைத்துவிட்ட மின்னடுப்பு" என்றார்.
நடுவில் இருந்த வெள்ளைப் புள்ளியைத் தொடப்போன விரலை
அவராகவே இழுத்துக்கொண்டார்.

விடியுமுன் ஒரு வேலை பாக்கி.
மூடியைப் போட்டு முப்பது படம்.
கும்மிருட்டிலும் கேமரா சில புள்ளிகளைக் காணும்,
இல்லாத சிவப்பு, இல்லாத பச்சை,
எப்போதும் அதே இடங்களில்.
அவற்றைக் கழித்தால்தான் மிச்சம் மெய்.
சுபுஹுக்கு பாங்கு கேட்கையில்
இருபத்தொன்பதாவது முடிந்திருந்தது.

ஏழு மணிக்குத் தொழிற்சாலை பஸ்.
அங்கே என் வேலை,
இப்படி இல்லாததைக் காணும் சில்லுகளைப் பொறுக்கிச்
சிவப்புக் கூடையில் போடுவது.
நேற்று ஒன்றை இடுக்கியில் பிடித்தபடி
கொஞ்சம் நின்றுவிட்டேன்.
சூப்பர்வைசர் கூப்பிட்டாள்,
ஜாலராசி, ஜாலராசி என்று.
இரண்டாவது தடவைதான் திரும்பினேன்.