மேலது, பக்கம் 112

அக்குரேரியில் நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடியில்
அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை,
மணிக்கணக்கில் கூலி.
யாரும் முழுதாகப் படிக்காத ஆய்வேடுகளை
நான் கீழிருந்து மேலாகப் படிக்கிறேன்.

இது ஹல்பெராவினுடையது:
வடகடலில் சுறா பிடிக்கப் போன படகுகள்,
அவை திரும்பாத குளிர்காலங்கள்.
நன்றாக எழுதுகிறாள். காற்புள்ளிகூட இடம் தவறாது.

குறிப்பு 63: 1884 மார்ச்சில் ஏழு பேரும் மாண்டனர்.
மேலது, பக்கம் 112.
குறிப்பு 71: ஞானஸ்நானப் பதிவேடு, 1886.
பெண் குழந்தை. தந்தை, ஸ்னைபியோர்ன்.

ஏழு பேரில் மூன்றாமவன் பெயர் அது.
செத்தவன் இரண்டு வருடம் கழித்து அப்பாவாகியிருக்கிறான்.

வேறொரு ஸ்னைபியோர்னாக இருக்கும் என்றாள்
தொலைபேசியில், எதையோ மென்றபடி.
பண்ணைப் பெயரும் ஒன்றுதான் என்றேன்.
மெல்லும் சத்தம் நின்றது.

மேலது என்றால் மேலே போக வேண்டும்.
போனேன்.
112ஆம் பக்கம் ஒரு பழைய நூலைக் கைகாட்டியது,
அந்த நூல் அதனினும் பழைய ஒன்றை.
பனிப்புயலில் ஒருவர் கோட்டை ஒருவர் பற்றிக்கொண்டு
முன்னால் போகிறவர் பாதையைப் பார்த்திருப்பார் என்று
நடந்திருக்கிறார்கள்.

1990இல்: ஏழு பேரும் மாண்டனர்.
1958இல்: "எழுவரும் திரும்பவில்லை."
1931இல்: "எழுவரும் … திரும்பவில்லை."

மூன்று புள்ளி.
ஏதோ விட்டிருக்கிறேன் என்று
முதலாமவர் ஒழுங்காகச் சொல்லித்தான் இருக்கிறார்.
ஏன் விட்டார், தெரியவில்லை. இடம் போதவில்லையோ என்னவோ.
அடுத்தவர் அதைத் தூசி என்று தட்டிவிட்டார்.

வியாழக்கிழமை இருவரும் ஆவணக்காப்பகம் போனோம்.
பாதிரியாரின் நாட்குறிப்பு. வெளிறிய பழுப்பு மை,
ஓரத்தில் மெழுகு சிந்திய வட்டம்.
தொடாமல், காகிதத்துக்கு ஒரு நூல் மேலே
விரலை நகர்த்திப் படித்தாள்:
"எழுவரும் படகில் திரும்பவில்லை.
படகைப் பனிக்கட்டி நசுக்கிற்று. நடந்தே வந்தார்கள்."

படகில்.
அந்த ஒரு சொல் போன ஓட்டை வழியாக
தொண்ணூறு வருடமாக
ஏழு பேர் மூழ்கிக்கொண்டிருந்தார்கள்.

ஹல்பெரா சந்தோஷப்படவில்லை.
இந்த அத்தியாயமே அவர்கள் சாவை நம்பித்தான் நிற்கிறது,
நாற்பது பக்கம் என்றாள்.
எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.
கையுறையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

திருத்திய பிரதி திங்களன்று வந்தது.
முப்பத்திரண்டு பக்கம் காணோம்.
குறிப்பு 63 புதிது:
நாட்குறிப்பின் இருப்பு எண், தாள் 19, பின்பக்கம்,
மூலம் நேரில் பார்க்கப்பட்டது.
பக்கத்தின் அடியில், கோட்டுக்கும் கீழே,
ஒன்பது புள்ளி எழுத்தில்
வெள்ளைமேல் கறுப்பாக
ஏழு பெயர்கள், ஒன்றன்பின் ஒன்றாக.

குறிப்பு 64இல் பக்க எண் இல்லை.
அவளைத் திரும்பவும் கூப்பிட வேண்டும்.